பாட்டிலுக்குள் ஒரு பாக்டீரியா: ஒரு லட்சம் மடங்கு பெரிதாக்கிச் செய்து பார்க்க

சுங்கை சிப்புட் பக்கம் ஆறாம் படிவமும் மெட்ரிகுலேஷனும் படிக்கிற பிள்ளைகளிடம் புரோகாரியோட் செல்லைப் பற்றி, அதாவது பாக்டீரியா வகைச் செல்லைப் பற்றிக் கேட்டால் பதில் கடகடவென்று வரும். நியூக்ளியஸ் இல்லை, மைட்டோகாண்ட்ரியா இல்லை, கோல்கி இல்லை, எண்டோபிளாச வலை இல்லை. நம் செல்லுக்குள் ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனியாக இருக்கும் அறைகள் இவை. எல்லாம் சரிதான். "அப்போ உள்ளே என்னதான் இருக்கு?" என்று கேட்டால்தான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். பின்வரிசையிலிருந்து "தண்ணியா, சார்?" என்று ஒரு குரல் வரும்.

பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். நோட்ஸில் இருக்கும் படமே அப்படி: மாத்திரை வடிவத்தில் ஒரு கூடு, நடுவில் கிறுக்கிவிட்ட ஒரு கோடு, அங்கங்கே பத்துப் பதினைந்து புள்ளி, மீதியெல்லாம் வெள்ளை. உண்மையான பாக்டீரியாவில் அந்த வெள்ளை இடமே கிடையாது. அது நெரிசலான இடம். அந்த நெரிசலுக்குள்ளும் ஒரு ஒழுங்கு இருக்கிறது. படத்தைப் பார்த்து இதை உணர்வது கடினம். கையால் செய்து பார்த்தால் ஒரு மாலையில் புரிந்துவிடும். இதுவரை உயிரியலே படிக்காதவர்களும் செய்யலாம்.

வாங்க வேண்டியவை

500 மில்லி மினரல் வாட்டர் பாட்டில் ஒன்று, காலியாக. 200 யார்டு தையல் நூல்கண்டு ஒன்று. 50 கிராம் கடுகு, ஒரு டம்ளர் ரவை, கொஞ்சம் பிளாஸ்டிசின், ஒரு ரப்பர் பேண்ட், வேறு நிறத்தில் அரை மீட்டர் நூல். எல்லாம் சில வெள்ளிக்குள் முடிந்துவிடும். கடுகும் ரவையும் வீட்டிலேயே இருக்கும். அம்மாவிடம் சொல்லிவிட்டு எடுங்கள்.

முதல் படி: அளவைப் பிடித்துக்கொள்வது

நாம் செய்யப்போவது ஈ.கோலை என்னும் பாக்டீரியா. நீளம் ஏறக்குறைய 2 மைக்ரோமீட்டர். அதாவது ஒரு மில்லிமீட்டருக்குள் ஐந்நூறு ஈ.கோலையை வரிசையாகப் படுக்க வைக்கலாம். இதை ஒரு லட்சம் மடங்கு பெரிதாக்கினால் 20 சென்டிமீட்டர். மினரல் வாட்டர் பாட்டிலின் உயரமும் கிட்டத்தட்ட அதுதான். பாட்டில் அசல் செல்லைவிடக் கொஞ்சம் ஒல்லி, பரவாயில்லை.

இந்தக் கணக்கு ஒன்றை மட்டும் மனப்பாடம் செய்யுங்கள்: 1 மைக்ரோமீட்டர் இங்கே 10 சென்டிமீட்டர், 10 நானோமீட்டர் இங்கே 1 மில்லிமீட்டர். மற்ற அளவுகளையெல்லாம் இதை வைத்தே போட்டுவிடலாம். இதே கணக்கில் உங்கள் கன்னத்தின் உட்புறத்துச் செல் ஒன்று ஐந்தாறு மீட்டர் அகலம் வரும். அதன் பக்கத்தில் நம் பாட்டிலை வைத்துப் பார்த்தால், பாக்டீரியாவுக்குள் ஏன் தனித்தனி அறைகள் தேவைப்படவில்லை என்பது பாதி விளங்கிவிடும். இவ்வளவு சின்ன இடத்தில் ஒரு புரதம் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு, யாரும் தூக்கிக்கொண்டு போகாமலே, ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் அலைந்தபடியே போய்ச் சேர்ந்துவிடும்.

இரண்டாம் படி: நூலைத் திணிப்பது

பாட்டிலின் ஒரு பக்கத்தில் ஜன்னல் மாதிரி நீளவாக்கில் வெட்டிக்கொள்ளுங்கள். சின்னப் பிள்ளைகள் என்றால் பெரியவர் யாராவது வெட்டிக் கொடுக்கட்டும்.

இப்போது டிஎன்ஏ. ஈ.கோலையின் குரோமோசோமில் சுமார் 46 லட்சம் எழுத்து இணைகள், 4,300 அளவில் ஜீன்கள். முழு வரிசையையும் 1997இல் வெளியிட்டார்கள். நீட்டிப் பிடித்தால் நீளம் 1.6 மில்லிமீட்டர் வரும். செல்லின் நீளமோ அதில் எண்ணூறில் ஒரு பங்கு. நம் அளவில் அது 160 மீட்டர் நூல். டிஎன்ஏயின் தடிமன் 2 நானோமீட்டர். நம் அளவில் 0.2 மில்லிமீட்டர், அதாவது சாதாரணத் தையல் நூலின் தடிமன். இந்தப் பொருத்தம் தற்செயலாக அமைந்ததுதான், ஆனால் நமக்கு மிகவும் வசதி. 200 யார்டு என்பது 183 மீட்டர். கண்டிலிருந்து 23 மீட்டரைக் கழித்துவிட்டு மீதியைப் பாட்டிலுக்குள் கொண்டுவர வேண்டும்.

சும்மா திணித்துப் பாருங்கள். உப்பிக்கொண்டு பாட்டில் முழுவதையும் அடைத்துவிடும். கணக்குப்படி அந்த நூல் பிடிக்கும் இடம் 5 மில்லிதான், பாட்டிலில் நூறில் ஒரு பங்கு. ஆக, பிரச்சினை இடம் இல்லாதது அல்ல, மடிக்கத் தெரியாதது.

பாக்டீரியா எப்படி மடிக்கிறது என்று தெரிய, ஒரு மீட்டர் துண்டு ஒன்றை வெட்டி, ஒரு முனையை அசையாமல் பிடித்துக்கொண்டு மறுமுனையை ஒரே திசையில் முறுக்குங்கள். நன்றாக முறுக்கேறியதும் இரு கைகளையும் மெல்ல நெருங்க விடுங்கள். நூல் தன்மேல் தானே சுருண்டு கட்டையாகிவிடும். இதுதான் மீச்சுருள். பாக்டீரியாவின் குரோமோசோம் பெரும்பாலும் வளையம், தொங்கும் முனை இல்லை. அதனால் முறுக்கு அவிழாமல் நிற்கிறது. 1963இல் ஜான் கெய்ர்ன்ஸ் கதிரியக்கத்தால் டிஎன்ஏயைத் தடம் பதித்து, அந்த வளையத்தைப் படமாகவே காட்டினார். முறுக்கை ஏற்றும் நொதிக்கு டிஎன்ஏ கைரேஸ் என்று பெயர். சிறுநீர்த் தொற்றுக்குக் கொடுக்கும் சிப்ரோஃப்ளாக்சசின் மாத்திரை தாக்குவது இந்தக் கைரேஸைத்தான்.

முறுக்கின நூலை அங்கங்கே விரலால் கிள்ளிப் பிடித்தால் கண்ணி கண்ணியாக நிற்கும். எச்யூ, ஃபிஸ் முதலான சின்னப் புரதங்கள் செய்யும் வேலை இதுதான். நம் செல்லில் டிஎன்ஏ ஹிஸ்டோன் என்னும் புரதத்தைச் சுற்றிக்கொண்டிருக்கும். பெரும்பாலான பாக்டீரியாவில் ஹிஸ்டோன் இல்லை. இப்படி மடிந்து, சுவர் எதுவும் இல்லாமல், பாட்டிலின் நடுப்பகுதியில் குவிந்து கிடக்கும் அந்த உருண்டைக்குப் பெயர் நியூக்ளியாய்டு. முழு 160 மீட்டரையும் முறுக்கியே ஆக வேண்டும் என்பதில்லை. விரல்களில் சுற்றிச் சிட்டம் சிட்டமாக முறுக்கி உள்ளே வைத்தால் போதும். கடைசியில் இரண்டு முனையையும் சேர்த்து முடிச்சுப் போட மறக்காதீர்கள்.

ஒரே ஒரு நூல் என்றும் அடித்துச் சொல்லிவிட முடியாது. நல்ல உணவு கிடைத்தால் ஈ.கோலை 20 நிமிடத்தில் இரண்டாகும். ஆனால் முழு டிஎன்ஏயைப் பிரதியெடுக்க அதற்கு 40 நிமிடம் வேண்டும். கணக்கு இடிக்கிறதா? முதல் பிரதி முடியுமுன்பே அடுத்த பிரதியைத் தொடங்கிவிடுகிறது, பேத்திக்கான பிரதியைப் பாட்டியே தொடங்கி வைப்பதாக. நம் ஈர மண்ணில் வாழ்ந்து மெலியோய்டோசிஸ் நோயைத் தரும் பர்க்ஹோல்டெரியா சூடோமாலையில் குரோமோசோமே இரண்டு. மொத்தம் 72 லட்சம் எழுத்து இணைகள். நம் அளவில் 240 மீட்டருக்கு மேல் நூல். இந்த நோயை முதன்முதலில் ரங்கூனில் கண்டு 1912இல் எழுதியவர்கள் விட்மோரும் கிருஷ்ணசாமியும்.

மூன்றாம் படி: பிளாஸ்மிட்

வேறு நிற நூலில் 15 சென்டிமீட்டர் வெட்டி, வளையமாக முடிந்து உள்ளே போடுங்கள். குரோமோசோமுக்கு வெளியே தனியாக இருக்கும் சின்ன டிஎன்ஏ வளையம்தான் பிளாஸ்மிட். 4,300 எழுத்து இணையுள்ள சின்னப் பிளாஸ்மிட் ஒன்றுக்கு இந்த நீளம் சரியாக இருக்கும். இதேமாதிரி சில வளையங்கள் போடலாம், போடாமலும் விடலாம், ஏனென்றால் எல்லாப் பாக்டீரியாவிலும் இது இருப்பதில்லை. பிளாஸ்மிட் இல்லாமல் செல் வாழும். ஆனால் மருந்துக்கு மசியாத ஜீன்கள் ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவது பெரும்பாலும் இந்த வளையங்களில் ஏறித்தான்.

நான்காம் படி: கடுகு

செல்லுக்குள் புரதம் செய்யும் இயந்திரம் ரைபோசோம். அதன் குறுக்களவு 20 நானோமீட்டர் சொச்சம். நம் அளவில் 2 மில்லிமீட்டர், ஒரு கடுகு. 50 கிராம் கடுகையும் கொட்டிவிடுங்கள். சமையல் கடுகில் அது ஏறக்குறைய இருபதாயிரம் மணி வரும். கொஞ்சம் வேகமாக வளரும் செல்லில் இந்த அளவு ரைபோசோம் இருக்கும். பட்டினி கிடக்கும் செல்லில் சில ஆயிரமே இருக்கும். புத்தகப் படத்தில் போட்ட பத்துப் பதினைந்து புள்ளியை இப்போது நினைத்துப் பாருங்கள்!

பாக்டீரியா ரைபோசோம் 70எஸ். அதன் இரு துண்டுகள் 30எஸ், 50எஸ். "கூட்டினா எண்பது வருதே, சார்?" என்று யாராவது கேட்டே தீருவார்கள். எஸ் என்பது எடை அல்ல. சுழற்றும்போது எவ்வளவு வேகமாக அடியில் படிகிறது என்ற அளவு. அது வடிவத்தையும் பொறுத்தது, அதனால் கூட்டினால் வராது. 30எஸ் துண்டு அணு அணுவாக எப்படி அமைந்திருக்கிறது என்று 2000ஆம் ஆண்டு காட்டியவர்களில் ஒருவர் சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன். 2009இல் தாமஸ் ஸ்டைட்ஸ், அடா யோனத் இருவரோடு வேதியியல் நோபலைப் பகிர்ந்துகொண்டார்.

இதெல்லாம் தோட்டத்துக்கு எதற்கு என்று நினைக்க வேண்டாம். எலி மூத்திரத்தால் வரும் கென்சிங் திக்குஸ் காய்ச்சலுக்கு கிளினிக்கில் கொடுக்கும் டாக்சிசைக்ளின் நேராகப் போய் உட்காருவது 30எஸ் துண்டில்தான். உட்கார்ந்ததும் புரதம் செய்யும் வேலை நின்றுவிடும். நம் செல்லின் சைட்டோபிளாசத்தில் இருப்பது 80எஸ். அதன் அமைப்பு வேறு, மருந்து அங்கே அவ்வளவாகப் பிடிப்பதில்லை.

மீதமுள்ள நிற நூலில் நாலைந்து கடுகை வரிசையாகப் பசை போட்டு ஒட்டி, அதன் ஒரு முனையை வெள்ளை நூலோடு கட்டி விடுங்கள். வெள்ளை நூல் டிஎன்ஏ, நிற நூல் இங்கே ஜீனைப் பார்த்து எழுதும் நகலான ஆர்என்ஏ, கடுகு ரைபோசோம். ஆர்என்ஏ முழுதாக எழுதி முடியுமுன்பே ரைபோசோம்கள் அதில் ஏறி, நொடிக்கு 15 முதல் 20 அமினோ அமிலம் என்று கோக்கத் தொடங்கிவிடும். நியூக்ளியஸ் இருக்கும் செல்லில் இது நடக்காது. அங்கே ஆர்என்ஏ சுவரைத் தாண்டி வெளியே வர வேண்டும். தேர்வில் "நியூக்ளியஸ் இல்லை" என்று எழுதிவிட்டு நிறுத்துகிறவர்கள் விட்டுவிடுவது இந்த இடத்தைத்தான். சுவர் இல்லாதது இங்கே குறை அல்ல, வேகம்.

ஐந்தாம் படி: ரவை, அப்புறம் சுவரோரம்

நடுத்தரமான ஒரு புரதம் 5 நானோமீட்டர், அதாவது ஒரு ரவை மணி. சுமார் 100 மில்லி ரவையைக் கொட்டிக் குலுக்குங்கள். செல்லின் இடத்தில் 20 முதல் 30 சதவீதத்தைப் பெரிய மூலக்கூறுகளே பிடித்துக்கொள்கின்றன. மீதி, நீரும் உப்பும் சின்ன மூலக்கூறுகளும். சைட்டோபிளாசம் என்பது இந்தக் கூட்டம் முழுவதும்தான்.

பாட்டிலின் சுவரை உள்ளேயிருந்து தொட்டுப் பாருங்கள். அசலில் செல்லைச் சுற்றியிருக்கும் சவ்வின் தடிமன் 7, 8 நானோமீட்டர், நம் அளவில் முக்கால் மில்லிமீட்டர். மைட்டோகாண்ட்ரியா இல்லாத பாக்டீரியா சுவாசிப்பது எங்கே என்ற கேள்விக்குப் பதில் இந்தச் சவ்வு. எலக்ட்ரான்கள் கைமாறும் புரதங்களும், செல்லுக்கு ஆற்றல் தரும் ஏடிபியைச் செய்யும் நொதியும் இதிலேயே பதிந்திருக்கின்றன.

பழைய நோட்ஸ் வைத்திருப்பவர்கள் கவனிக்க. சவ்வு உள்ளே மடிந்து சுருண்டிருப்பதாக வரைந்து மீசோசோம் என்று குறித்திருப்பார்கள், சுவாசம் நடக்கும் இடம் அதுதான் என்றும் எழுதியிருப்பார்கள். அப்படி ஒரு உறுப்பு உயிருள்ள செல்லில் இல்லை. எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்புக்காகச் செல்லை வேதிப்பொருளில் பதப்படுத்தும்போது உண்டான மடிப்பு அது. சட்டென்று உறைய வைத்துப் பார்த்தபோது காணாமல் போய்விட்டது. 1970களின் கடைசியிலேயே இது தெளிவாகிவிட்டது. இன்னும் சில நோட்ஸ்களில் அது விடாமல் உட்கார்ந்திருப்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

ரப்பர் பேண்டைப் பாட்டிலின் நடுவில், முடிந்தால் உட்புறமாக, ஒட்டுங்கள். செல் பிளக்கும்போது எஃப்டிஎஸ்இசட் என்னும் புரதம் அந்த இடத்தில் வளையமாகக் கூடும், 1991இல் கண்டுபிடித்தார்கள். நம் செல்லின் எலும்புக்கூட்டில் இருக்கும் டியூபுலின் என்னும் புரதத்துக்கு அது உறவு. பாக்டீரியாவுக்குச் செல் எலும்புக்கூடு கிடையாது என்ற பழைய வரியையும் இதோடு அடித்துவிடலாம்.

ஆறாம் படி: ஊருக்கு ஊர் மாறும் சாமான்கள்

இதுவரை போட்டது பொதுவானது. இனி போடுவது, எந்தப் பாக்டீரியா என்பதைப் பொறுத்தது. பிளாஸ்டிசின் இதற்குத்தான்.

செம்பனைக் காட்டில் உலாட் புங்குஸ் என்று சொல்லும் பைப்புழு இலையைச் சுரண்டித் தின்னும்போது அடிக்கிற பிடி மருந்தைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதன் முழுப்பெயர் பாசில்லஸ் துரிஞ்சியென்சிஸ், அது ஒரு பாக்டீரியா. மலேசிய செம்பனை வாரியமே இதிலிருந்து மருந்து தயாரித்திருக்கிறது. இதன் செல்லுக்குள் இரண்டு பெரிய பொருட்கள் உண்டு. ஒன்று ஸ்போர். மற்றது, இரண்டு பிரமிடுகளை அடிப்பக்கம் ஒட்டிய வடிவில் ஒரு புரதப் படிகம். செல்லின் உலர் எடையில் கால் பங்கு வரைகூட அந்தப் படிகம் இருக்கும். புழுவின் காரத்தன்மையுள்ள குடலில் படிகம் கரைந்து, குடல் செல்களில் ஓட்டை போடும். நம் வயிறு அமிலம், அந்தப் புரதம் பிடித்துக்கொள்ளும் இடமும் நம் குடலில் இல்லை. பிளாஸ்டிசினில் 8 சென்டிமீட்டருக்குப் படிகம் ஒன்றும், 10 சென்டிமீட்டருக்கு நீள்உருண்டையாக ஸ்போர் ஒன்றும் செய்து வையுங்கள். பாட்டிலில் வேறு எதற்கும் இடம் இருக்காது. அந்தக் கட்டத்தில் அசல் செல்லிலும் நிலைமை அதுதான். பிறகு செல் வெடித்து இரண்டும் வெளியே வந்துவிடும்.

ஸ்போரைப் பற்றி இன்னும் கொஞ்சம். உள்ளே நீர் வற்றி, டைபிகோலினிக் அமிலமும் கால்சியமும் நிறைந்து, பல அடுக்கு உறையோடு தூங்கும் செல் அது. கொதிநீர் அதை நம்பகமாகக் கொல்லாது. ஆய்வகத்தில் 121 டிகிரியில் 15 நிமிடம் அழுத்தத்தில் வைப்பது இதற்காகவே. பாசில்லஸ் சீரியஸ் என்னும் உறவுக்காரப் பாக்டீரியாவின் ஸ்போர் சோறு வேகும்போதும் பிழைத்துக்கொள்ளும். ராத்திரி முழுக்க வெளியே வைத்த சோற்றில் முளைத்து நஞ்சு செய்யும். அந்த நஞ்சில் ஒருவகை, மறுபடி சூடாக்கினாலும் அழியாது. காலையில் அதை நாசி கோரெங் ஆக்கினால் தப்பிக்க முடியாது. மிஞ்சின சோற்றைச் சீக்கிரமே பிரிட்ஜில் வையுங்கள்.

அடுத்தது சேமிப்புத் துகள். 1926இல் மோரிஸ் லெமொய்ன் என்ற பிரெஞ்சுக்காரர் கண்டுபிடித்த பிஎச்பி என்பது பாக்டீரியா தனக்குச் சேர்த்து வைக்கும் கொழுப்பு மாதிரியான பொருள். நமக்கு அது மக்கும் பிளாஸ்டிக். குப்ரியாவிடஸ் நெக்கேட்டர் என்ற பாக்டீரியா உலர் எடையில் 80 சதவீதம் வரை இதையும் இதன் வகைகளையும் நிரப்பிக்கொள்ளும். பினாங்கு அறிவியல் பல்கலைக்கழகத்தில் அதற்குப் பாமாயிலையே ஊட்டி வளர்த்திருக்கிறார்கள். 3 சென்டிமீட்டர் உருண்டைகளாக நாலைந்து செய்து போடுங்கள்.

கிந்தா பள்ளத்தாக்கின் பழைய ஈயக் குட்டைகளைப் போன்ற தேங்கிய நீரில் பச்சை ஏடாக மிதப்பது பல நேரம் சயனோபாக்டீரியா. மிதப்பதற்கு அதனுள் வாயுக்குமிழ்கள் உண்டு. அவற்றின் சுவர் கொழுப்பே இல்லாத வெறும் புரதம். 1895இல் கிளேபான் என்ற ஜெர்மானியர் அந்த நீரைப் பாட்டிலில் முழுக்க நிரப்பி, தக்கையை அடைத்து, சுத்தியலால் ஓங்கித் தட்டினார். அழுத்தத்தில் குமிழ்கள் நசுங்க, மிதந்ததெல்லாம் கீழே போய்விட்டது. கண்ணாடிப் பாட்டிலில் நீங்கள் செய்ய வேண்டாம். அந்த ஏட்டில் சிலவகை நஞ்சும் இருக்கும், கையும் வைக்க வேண்டாம்.

சயனோபாக்டீரியாவில் ஒளிச்சேர்க்கைக்கான தைலகாய்டு அடுக்குகளும், கரியமில வாயுவைப் பிடிக்கும் கார்பாக்சிசோம் என்ற புரதப் பெட்டிகளும் உண்டு. 1975இல் பிளேக்மோர் எழுதிய காந்தப் பாக்டீரியாவில் இரும்பு ஆக்சைடு மணிகள் மாலையாக நிற்கும். இவற்றைச் செய்து பார்ப்பது உங்கள் விருப்பம்.

ஏழாம் படி: அசலைப் பார்ப்பது

இளம் செம்பனைக் காட்டில் தரையை மூடப் படரவிடும் பயற்றுக்கொடி இருக்கும். தோட்டத்தில் கேட்டுவிட்டு, ஒரு கொடியை வேரோடு மெதுவாகத் தோண்டி எடுங்கள். வேரில் மிளகு அளவில் முடிச்சுகள் தெரியும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், மேலே சொன்ன மெலியோய்டோசிஸ் கிருமி மண்ணில் வாழ்வதுதான். மண்ணை எதிலும் போட்டு வளர்த்துப் பார்க்கவே கூடாது.

முடிச்சைக் கழுவி நறுக்குங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் காற்றிலிருந்து நைட்ரஜன் பிடிக்கும் வேலை நடக்கிறது. பச்சை, பழுப்பு என்றால் வேறு முடிச்சு எடுங்கள். ஒரு சொட்டு நீரில் நசுக்கி, ஸ்லைடில் மெல்லியதாகத் தேய்த்து, தானாகக் காய விடுங்கள். ஸ்லைடைத் தீயின் மேல் இரண்டு மூன்று முறை வேகமாகக் காட்டி, மெதிலீன் நீலம் ஒரு நிமிடம் விட்டு, கழுவிக் காய வைத்து, எண்ணெய் லென்ஸில் 1,000 மடங்கில் பாருங்கள். பள்ளி ஆய்வகத்தில் ஆசிரியரோடு செய்வதே நல்லது.

நீலக் குச்சிகள் கூட்டமாகத் தெரியும். சிலவற்றில் சாயம் ஏறாத வெளுத்த இடங்கள் இருக்கலாம், பெரும்பாலும் அவை பிஎச்பி துகள்கள். ரைபோசோம் தெரியுமா என்று தேடாதீர்கள். சாதாரண ஒளி மைக்ராஸ்கோப்பால் 0.2 மைக்ரோமீட்டருக்குக் குறைந்ததைப் பிரித்துக் காட்ட முடியாது. நம் பாட்டில் கணக்கில் அது 2 சென்டிமீட்டர். ஸ்போரும் பிளாஸ்டிசின் உருண்டையும் தேறும். கடுகும் ரவையும் நூலிழையும் தேறாது. பார்த்து முடித்த ஸ்லைடை குளோரோக்ஸ் கலந்த நீரில் அரைமணி நேரம் ஊறப் போட்டுக் கழுவுங்கள்.

தேர்வில் வரையும்போது

நியூக்ளியாய்டைச் சின்னக் கிறுக்கலாகப் போடாமல் நடுவில் நல்ல இடம் கொடுத்து, முனையில்லாத ஒரே கோடாக வரையுங்கள். அதைச் சுற்றி வட்டம் போட்டால் நியூக்ளியஸ் ஆகிவிடும், மதிப்பெண் போய்விடும். பிளாஸ்மிட் தனி வளையம். ரைபோசோமை நிறையப் புள்ளியாக வையுங்கள், 70எஸ் என்று குறியுங்கள். சேமிப்புத் துகள் ஒன்று போதும். மீசோசோம் வேண்டாம். நீளம் 2 மைக்ரோமீட்டர் என்று கீழே ஓர் அளவுக்கோடு போடுங்கள்.